மாடி அறையில் ஓ நெகட்டிவ்

கொரோனா வந்த வருடம் நான் கர்ப்பமாக இருந்தேன். முதல் பிள்ளை. திருவொற்றியூரில் கடலைப் பார்த்துப் போகிற ஒரு சந்தில் எங்கள் வீடு. கீழே இரண்டு அறை, மொட்டை மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஓர் அறை. நான், என் கணவர், மாமியார் என்று மூன்று பேர். கணவர் கண்டெய்னர் ட்ரெய்லர் ஓட்டுகிறார். எண்ணூர் துறைமுகத்தில் பெட்டியை ஏற்றிக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கிளம்பினால் எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. மாமியார் வாசலில் இட்லிக்கடை போட்டிருந்தார். ஊரடங்கு என்று கடையை மூடச் சொன்னதும் அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒரு சந்துக்கே சமைத்துப் போட்டவர் மூன்று பேருக்கு உலை வைத்துவிட்டுப் பொழுது போகாமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் மணலிப் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் கேட் பாஸ் போடும் வேலையில் இருந்தேன். என் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையில் ரத்த வகை ஓ பாசிட்டிவ் என்று அச்சடித்திருந்தது. நானும் அதையே நம்பிக்கொண்டிருந்தேன். அட்டை அடித்தவர் எங்கள் யார்டில் இருந்த அத்தனை பேருக்கும் ஓ பாசிட்டிவ் என்றே போட்டிருந்தார் என்பது, நான் கர்ப்பமாகி ரத்தம் எடுத்துப் பார்த்த பிறகுதான் தெரியவந்தது.

தண்டையார்பேட்டையில் நான் காட்டிக்கொண்டிருந்த மருத்துவமனையில் தரையில் சுண்ணாம்பு வட்டம் போட்டு, வட்டத்துக்கு ஒருவராக நிற்கவைத்திருந்தார்கள். மாமியாரும் கணவரும் துணைக்கு வந்திருந்தார்கள். முந்தின முறை கணவருக்கும் ரத்தம் எடுத்திருந்தார்கள். ஜன்னலில் பிளாஸ்டிக் தாள் தொங்கியது. அதற்குப் பின்னால் முகக்கவசமும் கண்ணாடித் தடுப்பும் போட்ட நர்ஸ். பேசுவது வெளியே கேட்காது என்று அவரே முடிவுசெய்துகொண்டு, தொண்டை கிழியக் கத்தினார்.

"நீ நெகட்டிவ்மா! உன் வூட்டுக்காரர் பாசிட்டிவ்!"

அவ்வளவுதான். வட்டங்கள் காலியாகின. எனக்கு முன்னால் நின்றவள் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ரோட்டுக்கே போய்விட்டாள். என் கணவர் கேட் ஓரமாக நின்று போன் பார்த்துக்கொண்டிருந்தார். வாட்ச்மேன் ஓடிவந்து கைப்பம்பால் பிளீச்சிங் தண்ணீரை அவர் தலையிலிருந்து கால் வரை அடித்தார். ஏன் அடிக்கிறார் என்று இவருக்குப் புரியவில்லை. எல்லாருக்கும் அடிப்பார்கள்போல என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டு வாகாகத் திரும்பி முதுகையும் காட்டினார்.

டாக்டரம்மா எங்களை உள்ளே கூப்பிட்டு நிதானமாகச் சொன்னார். எனக்கு ஓ நெகட்டிவ், கணவருக்கு ஓ பாசிட்டிவ். வயிற்றில் இருப்பது அப்பாவைப்போலப் பாசிட்டிவாக இருந்து, அதன் ரத்தம் என் ரத்தத்தில் கலந்தால், என் உடம்பு அதை எதிரியாக நினைத்து ஆயுதம் தயாரிக்கும். இந்தப் பிள்ளைக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அடுத்து வருகிற பிள்ளையைத்தான் அது தாக்கும். அதற்காக ஏழாவது மாதம் ஓர் ஊசி, பிரசவத்துக்குப் பிறகு தேவைப்பட்டால் இன்னோர் ஊசி. பயப்பட ஒன்றுமில்லை.

நாங்கள் பயப்படாமல் வீடு திரும்பினோம். சந்து பயந்துபோய் இருந்தது. எங்கள் சந்துக்காரப் பெண் ஒருத்தி அந்த வரிசையில் நின்றிருக்கிறாள். நாங்கள் வருவதற்குள் சந்து முனையில் இரண்டு சவுக்குக் கட்டையைக் குறுக்கே கட்டிவிட்டார்கள். எதிர்வீட்டுக்காரர் கட்டைக்கு அந்தப்பக்கம் நின்றுகொண்டு, "நீங்க உள்ள போங்கம்மா, நீங்க நெகட்டிவ். அவர இங்கியே வுட்டுட்டுப் போங்க" என்றார்.

"அது ரத்தத்துல பாசிட்டிவ்ணே" என்றேன்.

"அய்யய்யோ, ரத்தம் வரிக்கும் போயிடுச்சா!" என்று அவர் இன்னும் இரண்டு அடி பின்னால் போனார்.

கணவர் ட்ரெய்லர் கேபினிலேயே படுத்துக்கொண்டு, கொரோனா டெஸ்ட் எடுத்து, முடிவு வந்ததும் அதைப் போனில் எல்லாருக்கும் அனுப்பிய பிறகுதான் கட்டையை அவிழ்த்தார்கள். முடிவு நெகட்டிவ். அவர் வீட்டுக்குள் காலெடுத்து வைத்ததும் மாமியார் கற்பூரம் சுற்றிப் போட்டார். அடுத்த முறை என்னோடு மருத்துவமனைக்கு வந்து டாக்டரம்மாவிடம் சொன்னார்: "ஊசி வேணாம்மா. இவ நெகட்டிவ், இப்ப அவனும் நெகட்டிவ் ஆயிட்டான். ரெண்டு பேருக்கும் ஒண்ணா பூட்சு."

டாக்டரம்மா கண்ணாடித் தடுப்பைக் கழற்றித் துடைத்துவிட்டு முதலிலிருந்து மறுபடியும் விளக்கினார். மாமியார் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, கடைசியில் தன் பாஷையில் அதைச் சுருக்கிச் சொன்னார்.

"அதாவது, அவன் ரத்தத்துல பாசிட்டிவ், மூக்குல நெகட்டிவ். சர்த்தானே?"

"அவ்வளவுதான்மா" என்றார் டாக்டரம்மா.

வீட்டுக்கு வந்த மாமியார் வாசலில் நின்றுகொண்டு சந்துக்கே பாடம் எடுத்தார். ரத்தத்தில் பாசிட்டிவ் என்றால் ஒட்டாது, மூக்கில் பாசிட்டிவ் என்றால்தான் ஒட்டும். எல்லாரும் கேட்டுக்கொண்டார்கள்.

ஆறாவது மாத ஸ்கேனில் நஞ்சுக்கொடி கீழே இறங்கி, கர்ப்பப்பை வாயை ஒட்டி இருக்கிறது என்றார்கள். பெரும்பாலும் மேலே ஏறிவிடும், ஏறாவிட்டால் பிரசவத்தில் ரத்தப்போக்கு அதிகமாகலாம். ஓ நெகட்டிவுக்கு ஓ நெகட்டிவ் மட்டும்தான் ஏற்ற முடியும். ஊரடங்கில் ரத்ததான முகாம்கள் நின்றுபோய் ரத்த வங்கியில் எதுவும் சரியாக இருப்பில் இல்லை. "தெரிஞ்சவங்க யாராவது இதே குரூப் இருந்தா சொல்லி வச்சுக்கோங்க" என்றார் டாக்டரம்மா.

சொல்லி வச்சுக்கோங்க என்றுதான் அவர் சொன்னார். என் மாமியார் வேறு மாதிரி புரிந்துகொண்டார்.

கணவர் தெரிந்த டிரைவர்களிடமெல்லாம் விசாரித்தார். ஒருவர் சொன்னார்: காசிமேட்டில் மீன் ஏலம் விடுகிற ஒரு ஆள் இருக்கிறார், முன்பு ஒரு முறை துறைமுகத்தில் சுமை சரிந்து விழுந்து ஒருவருக்குக் கால் நசுங்கியபோது ரத்தம் கொடுத்தவர், அன்றிலிருந்து இன்றுவரை பார்க்கிறவர்களிடமெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருப்பவர், அவர் ஓ நெகட்டிவ். மாமியார் கணவரை அழைத்துக்கொண்டு அவர் வீட்டுக்கே போய்விட்டார். நெருக்கமான குடியிருப்பு. பக்கத்துத் தெருவில் ஏற்கெனவே கொரோனா வந்து, யாரும் வெளியே வராதபடி தகரம் அடித்துவிட்டார்கள். நாளைக்கு இந்தத் தெருவிலும் அடித்தால், வேண்டிய நேரத்தில் ஆள் தகரத்துக்கு அந்தப்பக்கம் மாட்டிக்கொள்வாரே என்பதுதான் மாமியாரின் கவலை.

"ஒரு மூணு மாசம் எங்க வூட்டு மாடில வந்து இருங்க தம்பி. மார்க்கெட்டும் மூடிகீது. மூணு வேளையும் நான் ஆக்கிப் போடறேன்" என்றாராம்.

அவர் யோசித்தாராம். அவர் மனைவி யோசிக்கவில்லை. "தாராளமா கூட்டினு போங்க. ஆனா திருப்பிக் குடுக்கும்போது குடிக்காத ஆளா குடுக்கணும்" என்று சொல்லிவிட்டு ஒரு பையில் லுங்கிகளை மடித்து வைக்கத் தொடங்கிவிட்டாராம்.

இப்படித்தான் முன்பின் தெரியாத ஒரு மனிதர் எங்கள் மாடி அறைக்குக் குடிவந்தார். நல்ல உயரம், அகலம். குரல் அதைவிடப் பெரிது. கட்டுமரத்துக்கும் விசைப்படகுக்கும் கேட்கிற மாதிரி பேசியே பழகிய குரல். மாமியாரை அக்கா என்றார், என்னைத் தங்கச்சி என்றார். நான் அண்ணாத்தே என்றேன். வந்த அன்றே மாடிப்படியில் நின்று எனக்குத் தைரியம் சொன்னார்.

"நீ ஒண்ணியும் கவலப்படாத தங்கச்சி. ஓ குரூப்புக்குக் கொரோனா வராது. வாட்ஸாப்புல போட்டுகீறான். ஏ குரூப்புக்குத்தான் டேஞ்சராம். நாம ரெண்டு பேரும் ஓ, அதுலயும் நெகட்டிவ்வு. நம்ம கிட்டயே வராது."

மாமியாருக்குத் தன் சமையலைச் சாப்பிட ஓர் ஆள் கிடைத்துவிட்டது. ரத்தம் ஊற என்னவெல்லாம் உண்டோ எல்லாம் அடுப்பில் ஏறியது. சுவரொட்டி என்கிற ஆட்டு மண்ணீரல் வறுவல், ஈரல், முருங்கைக்கீரை, பீட்ரூட், பேரீச்சம்பழம். முதலில் எனக்கும் அவருக்கும் சமமாகத்தான் வைத்தார். போகப்போக எனக்கு வாந்தி வருகிறது என்று சுவரொட்டி முழுக்க மாடிக்குப் போனது. அப்புறம் வாந்தி வராத பேரீச்சம்பழமும் போனது. ஒரு நாள் நான் கேட்டேவிட்டேன்.

"எனக்குத்தானே அத்தை ரெண்டு உசுரு?"

"உனக்கு ரெண்டு உசுரு. அவருக்கு மூணு உசுருடி. அவரு, நீ, கொயந்த. அவரு துன்னாத்தான் உனக்கு வரும்" என்றார்.

அண்ணாத்தை ஷேவிங் செய்யக்கூடாது என்று தடை போட்டார். பிளேடு பட்டால் ரத்தம் வீணாகும். தாடி வளர்ந்தது. மாடிப்படியில் தடுக்கி விழக்கூடாது என்று கீழே இறங்கும்போது கையைப் பிடித்துக்கொண்டார். பிள்ளைக்கு என்று என் அம்மா மீஞ்சூரிலிருந்து கொடுத்தனுப்பிய கொசுவலையை மாடி அறைக்கு எடுத்துப்போய் இன்னொரு துண்டு சேர்த்துத் தைத்து அவருக்குக் கட்டினார். எங்கள் பக்கத்துக் கொசுவைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. "கொசு குடிக்கிறது அவரு ரத்தமில்ல, உன் ரத்தம்" என்றார் என்னிடம். நான் ஒரு கையால் வயிற்றையும் மறு கையால் கழுத்தையும் தட்டிக்கொண்டு கீழே படுத்திருந்தேன்.

அவருக்கும் அங்கே சும்மா இருக்க முடியவில்லை. குரல் துருப்பிடித்துவிடும் என்று தினமும் விடிந்ததும் மாடியில் நின்று ஏலம் விடுவார். மீன் இல்லை. கண்ணில் பட்டதை ஏலம் விடுவார். கொடியில் காய்கிற துணி, தண்ணீர்த் தொட்டிமேல் உட்கார்ந்த காக்கா, துறைமுகத்துக்குள் வர இடம் கிடைக்காமல் கடலில் வரிசையாக நிற்கிற கப்பல்கள். "பச்சக் கலர் கப்பலு! நேத்துதான் வந்துது, ஃபிரெஷ்ஷு! யாருக்கு வோணும்?" என்று கூவுவார். ஊரடங்கில் அடைந்துகிடந்த சந்து, ஒவ்வொரு மாடியாக ஏறி நின்று ஏலம் கேட்டது. சவுக்குக் கட்டை கட்டிய எதிர்வீட்டுக்காரர் ஒரே வாரத்தில் நாலு கப்பலுக்குச் சொந்தக்காரராகிவிட்டார்.

ஏழாவது மாதம் ஊசி போட்டார்கள். அந்த வாரமே வீட்டோடு சின்னதாக வளைகாப்பு வைத்தார்கள். சந்துப் பெண்கள் வாசலில் தள்ளித் தள்ளி நின்றார்கள். எனக்குச் சந்தனம் பூசிக் கண்ணாடி வளையல் அடுக்கிய மாமியார், தட்டைத் தூக்கிக்கொண்டு மாடிப்படிப் பக்கம் போனார். அண்ணாத்தை கூச்சத்தோடு கன்னத்தைக் காட்டினார். இரண்டு கன்னத்திலும் சந்தனம் பூசி, நெற்றியில் குங்குமம் வைத்து, கையில் ஒரு செம்புக்காப்பும் மாட்டிவிட்டார். பெண்கள் சிரித்துச் சிரித்து முகக்கவசம் நழுவிப்போனது. அவர் சிரிக்கவில்லை. கண் கலங்கிவிட்டது. "எனக்கு யாரும் இப்டிலாம் செஞ்சதில்லக்கா" என்றார்.

எனக்குப் பொறாமையாக இருந்தது, உண்மையைச் சொன்னால். முதல் பிள்ளை, என் வளைகாப்பு. எல்லாரும் மாடிப்படியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்று புளிசாதமும் எலுமிச்சை சாதமும் செய்திருந்தார்கள்; எனக்குப் புளிசாதத்தின்மேல் ஆசை. பானையைத் திறந்தால் அடியில் ஒட்டியதுதான் இருந்தது. மேலேயிருந்து குரல் வந்தது. "இன்னான்னே தெரியல தங்கச்சி, இப்பல்லாம் புளிப்பாவே கேக்குது நாக்கு."

எட்டாவது மாதக் கடைசியில் ஒரு நாள் மதியம் மாமியார் நெத்திலிக் கருவாடு வறுத்தார். கருவாட்டு வாசனைக்கு எங்கள் பக்கம் அறிமுகம் தேவையில்லை. சந்து முனையில் திரும்பும்போதே யார் வீட்டில் வறுக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். அண்ணாத்தை மாடியிலிருந்து இறங்கி வந்தார். சட்டியில் கருவாடு சடசடவென்று பொரிந்துகொண்டிருந்தது. அவர் சமையலறை வாசலில் நின்று கேட்டார்.

"இன்னாக்கா, இன்னிக்கி ஒண்ணும் ஆக்கலியா? வாசனையே காணோம்?"

மாமியாரின் கையில் கரண்டி அப்படியே நின்றது. வாழ்நாளெல்லாம் மீன் மோந்து பார்த்தே விலை சொன்ன மனிதர் அவர். மாமியார் கருவாட்டுச் சட்டியை இடுக்கியால் தூக்கி அவர் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"இது?"

அவர் குனிந்து இழுத்து மோந்தார். இன்னொரு முறை மோந்தார். நிமிர்ந்தபோது அந்தப் பெரிய முகத்தில் ரத்தமே இல்லை. "அக்கா, ஒண்ணியுமே தெர்லக்கா" என்றார். அவர் மெதுவாகப் பேசி அன்றுதான் கேட்டேன்.

எல்லாருக்கும் டெஸ்ட் எடுத்தோம். அண்ணாத்தைக்குப் பாசிட்டிவ். எனக்குப் பாசிட்டிவ். மாமியாருக்கும் பாசிட்டிவ். கணவருக்கு மட்டும் நெகட்டிவ். யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று தெரியாது. எங்கள் வீட்டில் கூட்டத்துக்குள் போய்வந்தவர் ஒருவர்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் கறிக்கடை நெரிசலில் நின்று சுவரொட்டிக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்த என் மாமியார். நாங்கள் யாரும் அதை அவரிடம் சொல்லவில்லை. அவருக்கே தோன்றியிருக்கவேண்டும். கொஞ்ச நேரம் அடுப்படியில் உட்கார்ந்து சட்டியைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் சந்துக்குள் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். மாமியார் ஜன்னல் வழியாக, "யாரும் கிட்ட வராதீங்க! நாங்க பாசிட்டிவ்!" என்று கத்தினார்.

"தெரியும்க்கா. ரத்தத்துலதானே?" என்று எதிர்வீட்டுக்காரர் வாசற்படி ஏறி வந்து சாவகாசமாகத் தூணில் சாய்ந்துகொண்டார். இரண்டு பெண்கள் என்ன விஷயம் என்று கேட்டபடி உள்ளேயே நுழைந்துவிட்டார்கள்.

"ரத்தத்துல இல்லய்யா! மூக்குல! மூக்குல!" என்று மாமியார் தன் மூக்கைக் குத்திக் காட்டிக் கதறினார். அவர் எடுத்த பாடம் அவ்வளவு நன்றாகப் பதிந்திருந்தது. நம்புவதற்கு நேரமாயிற்று. நம்பியதும் எதிர்வீட்டுக்காரர் ஓடிய வேகத்தில் அவருடைய ஒரு செருப்பு எங்கள் வாசலிலேயே கிடந்தது. அவருக்கு வரவில்லை, நல்ல காலம்.

மாமியாருக்குத் தொந்தரவு எதுவும் இல்லாததால் வீட்டிலேயே இருக்கச் சொன்னார்கள். அண்ணாத்தையை ஒரு கல்லூரி விடுதியில் வைத்திருந்த முகாமுக்கு அழைத்துப்போனார்கள். என்னை அரசு மருத்துவமனையில் கர்ப்பிணிகளுக்கு என்று ஒதுக்கிய வார்டில் சேர்த்தார்கள். காய்ச்சலும் இருமலும் இருந்தது. படுத்தால் மூச்சு பாதியில் நின்றுவிடுவதுபோல ஒரு பயம். ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார்கள். ரத்தம் உறையாமலிருக்க வயிற்றில் ஊசி போட்டார்கள்.

பக்கத்துக் கட்டிலில் எண்ணூர்க்காரப் பெண் ஒருத்தி. எட்டாவது மாதம். அவள் என்னைக் கேட்ட முதல் கேள்வி, "நீ இன்னா குரூப்பு?" என்பதுதான். ஓ என்றேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. "நீ தப்பிச்சுக்குவ. நான் ஏ. ஏ குரூப்புக்குத்தான் ஜாஸ்தியாகுமாம். என் நாத்தனாரு போன் பண்ணிப் பண்ணிச் சொல்லிகினே கீறா." அந்த வார்டில் எல்லாரும் இதையேதான் பேசிக்கொண்டிருந்தார்கள். பி குரூப்காரி ஒருத்தி, தன்னைப்பற்றி வாட்ஸாப்பில் எதுவுமே வரவில்லையே என்று அழுதாள்.

தலை முதல் கால் வரை மூடிக்கொண்டு வந்த டாக்டரிடம் அவளே கேட்டாள். அவர் அலுத்துக்கொள்ளவில்லை. "ஏதோ ஆராய்ச்சி பண்ணிட்டிருக்காங்க, ஒண்ணுக்கொண்ணு வேற வேற மாதிரி சொல்றாங்க. ஆனா இந்த வார்டைப் பாரும்மா. எல்லா குரூப்பும் படுத்திருக்கீங்க. எல்லா குரூப்பும் வீட்டுக்கும் போறீங்க. மூச்சு எப்படி இருக்கு, குழந்தை அசையுதா, இத மட்டும் கவனிச்சுச் சொல்லு. குரூப்ப நாங்க பார்த்துக்கறோம்."

அண்ணாத்தை தினமும் போன் செய்வார். போனைக் காதில் வைக்கவேண்டியதில்லை, கட்டிலில் வைத்தாலே வார்டு முழுக்கக் கேட்கும். "தங்கச்சி! நமக்கு இன்னிக்கி ஆக்ஸிஜன் எவ்ளோ?" என்பார். நமக்கு. நான் சொன்னதும் தன்னுடையதையும் சொல்வார். வாட்ஸாப்பில் வந்தது என்ன ஆயிற்று என்று ஒரு நாள் கேட்டேன். "அது ஓ பாசிட்டிவ்வுக்குப் போட்டதாட்டம் கீது. நம்ம ஆளுங்க கம்மிதானே, கண்டுக்காம வுட்டுட்டான்" என்றார். இன்னொரு நாள் குரல் இறங்கியிருந்தது. "தங்கச்சி, மூக்கு இன்னும் வரல. சோப்ப மோந்து பாத்தேன், ஒண்ணும் தெர்ல. மூக்கு இல்லாங்காட்டி நான் இன்னாத்த ஏலம் வுடறது? பழைய மீன புது மீனுன்னு சொல்லிட்டா ஒரு பய என்ன மதிப்பானா?" வந்துவிடும் அண்ணாத்தே என்றேன்.

ஒரு நாள் மதியம் குழந்தை அசையவில்லை. சாப்பிட்டால் அசையும் என்பார்கள். சாப்பிட்டேன். இடதுபக்கம் படுத்தேன். வயிற்றைத் தட்டிக் கூப்பிட்டேன். எண்ணூர்க்காரி எழுந்து வந்து தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டே என் வயிற்றில் காது வைத்துப் பார்த்தாள். நர்ஸ் ஒரு சின்னக் கருவியோடு வந்தார். உறை போட்ட கையால் ஜெல் தடவி அங்கே இங்கே வைத்துப் பார்த்தார். கரகரவென்று இரைச்சல் மட்டும் வந்தது. அவர் முகம் தெரியாது, கண் மட்டும்தான். அந்தக் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். கருவியைக் கொஞ்சம் கீழே இறக்கினார். குதிரை ஓடுவதுபோலச் சத்தம் வந்தது. வார்டே பேச்சை நிறுத்திக் கேட்டது. "தூங்குது உன் புள்ள, அத ஏன் எழுப்பற?" என்றார் நர்ஸ். நான் அழுத அழுகையில் இருமல் வந்து, அந்த இருமலில் குழந்தை விழித்து ஓர் உதை விட்டது.

நான், எண்ணூர்க்காரி, பி குரூப்காரி எல்லாரும் ஒருவர் பின் ஒருவராக வீடு திரும்பினோம். அண்ணாத்தையும் மாடி அறைக்கே திரும்பி வந்தார். அவர் மனைவி, "எடுத்த வேலைய முடிச்சிட்டு வரட்டும்" என்று சொல்லிவிட்டாராம். ஆனால் கொரோனா வந்து குணமானவர் சில வாரங்களுக்கு ரத்தம் கொடுக்கக்கூடாது என்று டாக்டரம்மா சொன்னார். எனக்குக் குறித்த நாள் அதற்கு முன்னால் வந்தது. மாமியார் மனதுக்குள் கணக்குப் போட்டுவிட்டு, மேசைக்குக் கிட்டப் போனார்.

"அம்மா, பிரசவத்த ஒரு பத்து நாளு தள்ளிப் போடுங்க. அவரு ரெடியாயிடுவாரு."

டாக்டரம்மா சிரித்த சிரிப்பில் கண்ணாடித் தடுப்பு ஆவியடித்து மங்கிப்போனது. பிறகு புது ஸ்கேனைத் திருப்பிக் காட்டினார். நஞ்சு மேலே ஏறிவிட்டிருந்தது. "ரத்தம் தேவைப்படாமலே போகலாம்மா. தேவைப்பட்டாலும் இப்ப வங்கில ஏற்பாடு பண்ணிக்கலாம்."

மாமியாருக்கு அது நல்ல செய்தியாகப் படவில்லை. வீட்டு வாசலில் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கும்போது, "அவராண்ட இத சொல்லாத. மனசு வுட்டுடுவாரு" என்றார்.

மழை பெய்த ஒரு காலையில் வலி எடுத்தது. மதியத்துக்குள் பெண் குழந்தை. சுகப்பிரசவம். நான் உள்ளே இருந்ததால் வெளியே நடந்ததைக் கணவர்தான் பிறகு சொன்னார். அண்ணாத்தை வேண்டாம் என்றாலும் கேட்காமல் வந்திருக்கிறார். கொடுக்கக்கூடாது என்று தெரிந்தும் சட்டைக் கையைத் தோள் வரை மடித்துவிட்டுக்கொண்டு, இரண்டு வாழைப்பழம் தின்றுவிட்டு, ஆஸ்பத்திரி கேட்டில் மழையில் நின்றிருக்கிறார். கணவர் போய்க் குழந்தை பிறந்ததைச் சொன்னதும் கட்டிப்பிடித்துக்கொண்டு கேட்டிருக்கிறார்.

"ரத்தம்?"

"தேவப்படல அண்ணாத்தே."

"ஒரு சொட்டு கூடவா?"

"ஒரு சொட்டு கூட வேணாம்னுட்டாங்க."

அவர் மெதுவாகச் சட்டைக் கையை இறக்கி விட்டுக்கொண்டாராம். "அப்போ அந்தச் சுவரொட்டில்லாம் நான் இன்னாத்துக்குத் துன்னேன்?" என்றாராம். சந்தோஷமும் வருத்தமும் ஒரே நேரத்தில் ஒரு முகத்தில் இருந்ததை அன்றுதான் பார்த்தேன் என்று கணவர் சொன்னார். குழந்தையின் ரத்தம் ஓ பாசிட்டிவ் என்று வந்தது. எனக்கு இரண்டாவது ஊசி போட்டார்கள். அதைக் கேள்விப்பட்டதும் அண்ணாத்தை கொஞ்சம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "உங்க வூட்டுக்காரரு பக்கம் பூட்சா. சரி வுடு, அவருதானே அப்பன்" என்றார்.

குழந்தையை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு அவர் அதைத் தூக்கவே பயந்தார். மாமியார் பிடிவாதமாக மடியில் வைத்தார். வைத்த கொஞ்ச நேரத்தில் அது அவர் லுங்கியில் தன் வேலையைக் காட்டிவிட்டது. அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். மூக்கை உறிஞ்சினார். குனிந்து இன்னும் ஆழமாக உறிஞ்சினார்.

"அக்கா! நாறுதுக்கா! ஐயோ, கலீஜா நாறுதுக்கா!" என்று அவர் போட்ட சத்தத்தில் குழந்தை வீறிட்டது, சந்து எட்டிப் பார்த்தது. அவர் லுங்கியை மாற்றவிடாமல் அப்படியே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

கொடுக்கலாம் என்று சொன்ன நாள் வந்ததும் அவரும் மாமியாரும் ரத்த வங்கிக்குக் கிளம்பினார்கள். இத்தனை நாள் ஊறவைத்த ரத்தத்தைச் சும்மா வீட்டுக்கு அனுப்ப மாமியாருக்கு மனம் வரவில்லை. விரல் நுனியில் குத்திப் பார்த்த பெண், ரத்தம் நல்ல கெட்டியாக இருக்கிறது என்று சொன்னாளாம். தன் பிள்ளை வகுப்பில் முதலாக வந்ததுபோல மாமியார் அங்கிருந்த எல்லாரையும் ஒரு பார்வை பார்த்திருக்கிறார். பை நிறைந்து, உள்ளே எடுத்துப்போகும்போது பின்னாலேயே போய், "இது யாருக்கும்மா போவுது?" என்று கேட்டிருக்கிறார். சொல்ல முடியாது என்றார்களாம். "பேரு வேணாம். புள்ளத்தாச்சியா, அத மட்டும் சொல்லு" என்று கேட்டிருக்கிறார். அதையும் சொல்லவில்லை. போனால் போகிறது என்று, அண்ணாத்தைக்குக் கொடுத்த ஜூஸ் பாக்கெட்டோடு இன்னொன்றைக் கேட்டுச் சண்டை போட்டு வாங்கிக்கொண்டு வந்தார்.

அன்று சாயங்காலம் அண்ணாத்தையின் மனைவி வந்தார். புருஷனைச் சுற்றி ஒரு முறை நடந்து பார்த்தார். வாயை ஊதச் சொல்லி மோந்து பார்த்தார். தாடியும் தொப்பையுமாக நின்றவரைப் பார்த்து, "இன்னாக்கா, ஒரு ஆளக் குடுத்தா ரெண்டு ஆளாத் திருப்பிக் குடுக்கறீங்க?" என்றார். மாமியார் ஒரு டிபன் கேரியர் நிறைய மீன் குழம்பு ஊற்றிக் கொடுத்தார். அந்தக் கேரியர் இன்றுவரை காலியாகத் திரும்பி வந்ததில்லை. அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே ஏதாவது ஒன்றைச் சுமந்துகொண்டு போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருக்கிறது. பெரும்பாலும் வஞ்சிரம்.

மாடி அறையில் இப்போது ஒரு வெல்டர் குடியிருக்கிறார். தனி ஆள், அதிகம் பேசாதவர். வீடு பார்க்க வந்த அன்று அவர் தண்ணீர் வருமா, கரண்ட் தனி மீட்டரா என்றெல்லாம் கேட்டார். மாமியார் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். பி பாசிட்டிவ் என்றார் அவர். மாமியார் சற்று யோசித்துவிட்டு, "பரவால்ல, வந்து இரு" என்று சாவியைக் கொடுத்தார்.